வெண்ணெய்ப் பசுவும் கொழுகொழு குழந்தையும்

பாடசாலை விடுமுறை விட்டதும் பிள்ளைகளை எங்கே கூட்டிக்கொண்டு போவது என்ற கேள்வி எல்லா வீடுகளிலும் எழுவதுதான். நம்மவர்களுக்குக் கோயில் திருவிழா இருக்கின்றது, கடற்கரை இருக்கின்றது, எப்போதாவது ஒரு கானிவேல் வரும். அமெரிக்காவின் விவசாய மாநிலங்களில் இந்தக் கேள்விக்கு ஒரே விடைதான். 'ஸ்டேட் பெயார்' என்று அவர்கள் சொல்கின்ற மாநிலக் கண்காட்சி. பாட்டா பாட்டி காலத்திலிருந்து குடும்பம் குடும்பமாக அங்கே போகின்றார்கள்.

2023 ஆகஸ்டில் அக்காவின் குடும்பத்தோடு நானும் அப்படியொரு கண்காட்சிக்குப் போயிருந்தேன். அத்தான் அயோவா மாநிலத்தின் தலைநகரான டி மொயினில் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் வேலை செய்கின்றார். அயோவா நமது இலங்கையைப் போல் இரண்டு மடங்குக்கும் மேற்பட்ட நிலப்பரப்புடையது. சனத்தொகையோ 32 இலட்சம் அளவில்தான். எங்கு பார்த்தாலும் சோளம், சோயா. மனிதரைவிடப் பன்றிகள் பல மடங்கு அதிகம். அங்கே முதலாவது மாநிலக் கண்காட்சி 1854இல் நடந்தது. இப்போதிருக்கின்ற மைதானத்துக்கு 1886இல் வந்தது. ஆகஸ்ட் மாதத்தில் பதினொரு நாட்கள். அந்தப் பதினொரு நாளில் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் வந்து போகின்றனர். இரண்டாம் உலகப் போர் நடந்த 1942 முதல் 1945 வரையும், பின்னர் கொரோனாவினால் 2020இலும் நடக்கவில்லை. 2020 பற்றிப் பேச்சு வந்தால் அந்த ஊர்க்காரர்கள் திருவிழா நின்றுபோன வருடத்தைப் பற்றிச் சொல்வது போலத்தான் சொல்கின்றார்கள்.

நாங்கள் ஆறு பேர். அக்கா, அத்தான், பன்னிரண்டு வயது மகள், எட்டு வயது மகன், அத்தானின் தாயார், நான். மாமிக்கு எழுபது தாண்டிவிட்டது. "மாடு பார்க்கிறதுக்கு ஏன் பிள்ளை காசு கட்டிப் போகவேணும்? எங்கட வீட்டு முற்றத்திலேயே நாலு மாடு நிண்டதுதானே" என்று புறப்படும்போதே கேட்டார். உள்ளே போனபின் எங்கள் எல்லோரையும்விட அதிக நேரம் மாட்டுக் கொட்டிலில் நின்றவரும் அவர்தான்.

எல்லோரும் முதலில் போய் வரிசையில் நிற்பது வெண்ணெய்ப் பசுவைப் பார்க்கத்தான். கண்ணாடி போட்ட குளிர் அறைக்குள் உண்மைப் பசுவின் அளவில் வெண்ணெயினால் செய்த பசு. மரத்தாலும் கம்பியாலும் உள்ளே கூடு கட்டி, ஏறக்குறைய 600 இறாத்தல் வெண்ணெயை அதன்மேல் அப்பிச் செய்கின்றார்கள். 1911ஆம் ஆண்டிலிருந்து இந்த வழக்கம் உண்டு. "இவ்வளவையும் பிறகு என்ன செய்யினம்? வீசுறதே?" என்பது மாமியின் கேள்வி. வீசுவதில்லை. அதே வெண்ணெயைப் பல வருடங்களுக்குத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துகின்றார்களாம். இதைக் கேட்ட பிறகுதான் மாமிக்கு முகம் தெளிந்தது.

அந்தப் பசுவின் பின்னால் ஒரு பெண்ணின் கதை இருக்கின்றது. 1960 முதல் 2005 வரை அதைச் செய்தவர் நோர்மா லயன் என்ற விவசாயப் பெண். மிருக வைத்தியராக வேண்டும் என்பது அவரது ஆசை. அவர் படித்த காலத்தில் அந்தப் பீடத்தில் பெண்களைச் சேர்ப்பதில்லை. ஆகவே விலங்கியல் விஞ்ஞானம் படித்து, சிற்பமும் பழகி, ஒன்பது பிள்ளைகளையும் வளர்த்துக்கொண்டு, ஆண்டுதோறும் குளிரறைக்குள் நின்று பசு செய்தார். பசுவின் எலும்பும் தசையும் எங்கே எப்படி இருக்கின்றன என்று தெரிந்தவர் செய்த பசு. 2006 முதல் அவரிடம் பயின்ற சாரா பிராட் என்ற ஆசிரியை செய்து வருகின்றார். நாங்கள் போன வருடம் பசுவோடு மூன்று விளையாட்டு வீரர்களின் உருவங்களும் வெண்ணெயில் நின்றன. அவற்றில் ஒன்று கெய்ட்லின் கிளார்க் என்ற கூடைப்பந்து வீராங்கனை. அக்காவின் மகள் அந்தக் கண்ணாடியைவிட்டு நகரவே மாட்டேன் என்று நின்றாள்.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. அங்கே எதையும் தடியில் குத்தித்தான் விற்கின்றார்கள். பன்றி இறைச்சி தடியில், சொசேஜ் தடியில், அவித்த முட்டைகூடத் தடியில். மச்சம் சாப்பிடாத மாமிக்குச் சுட்ட சோளம் கிடைத்தது. விலைகளை நான் ரூபாவில் மாற்றிப் பார்க்காமல் இருக்கவே முயன்றேன்.

ஒரு மேடையில் கணவனைக் கூப்பிடும் போட்டி. வயலில் நிற்கின்ற கணவனை வீட்டு வாசலில் நின்று மனைவி எப்படிக் கூப்பிடுவாள் என்று செய்துகாட்ட வேண்டும். ஒவ்வொருத்தியும் அடிவயிற்றிலிருந்து கணவனின் பெயரைச் சொல்லிக் கத்த, கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. மாமி தன் வாழ்நாளில் மாமாவைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. "இஞ்சாருங்கோ" என்பதோடு சரி. மாமா காலமாகிப் பத்து வருடமாகின்றது. சிரித்து முடிந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நானும் ஒருக்கால் பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கலாம், என்ன?" என்றார். அது சிரித்ததால் வந்த கண்ணீரா என்று நான் கேட்கவில்லை.

கண்காட்சியில் பெண்களின் கைவேலைக்குப் பெரிய இடம் உண்டு. ஜாம், ஊறுகாய், கேக், பாண், ஒட்டுத் துணிப் போர்வை என்று எல்லாவற்றுக்கும் போட்டி. பரிசு பெற்றவற்றில் ஊதா, நீலம் என்று நாடா குத்தியிருக்கும். சிறுவர்களுக்கு '4-எச்' என்ற அமைப்பு. பிள்ளைகள் கன்று, ஆட்டுக்குட்டி, பன்றிக்குட்டி என்று எதையாவது தாங்களே வளர்த்துக் கொண்டுவருகின்றார்கள். அந்த அமைப்பின் போட்டிகள் பலவற்றில் ஒரு நல்ல முறையைக் கண்டேன். ஒரு பிள்ளையின் வேலையை அடுத்த பிள்ளையின் வேலையோடு ஒப்பிடுவதில்லை. எதிர்பார்க்கப்படுகின்ற தரத்தை எட்டியிருந்தால் நீல நாடா. பத்துப் பிள்ளைகள் எட்டினால் பத்துப் பேருக்கும் நீல நாடாதான். இன்னும் முயற்சி வேண்டுமென்றால் சிவப்பு, வெள்ளை. எங்கள் பாடசாலைகளில் முதலாம் பிள்ளை, இரண்டாம் பிள்ளை என்று கேட்டே பழகிய எனக்கு இது புதிதாக இருந்தது.

கால்நடைகளைத் தீர்ப்பிடும் இடம் வேறு மாதிரி. மரத்தூள் பரப்பிய வட்டத்தில் மாடுகளை நடத்திக் கொண்டுவர, நடுவர் முதுகின் நேர்மை, காலின் நிலை, மடியின் அமைப்பு எல்லாவற்றையும் பார்த்து வரிசைப்படுத்துகின்றார். காரணங்களையும் ஒலிபெருக்கியில் சொல்கின்றார். இது ஏன் முதலாவது, அது ஏன் நாலாவது. மாடுகளுக்கு அதில் ஒரு கவலையும் இல்லை.

அந்த வட்டத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கையில் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்த காலத்துப் பாடம் ஒன்று நினைவுக்கு வந்தது. இதே அயோவா கண்காட்சியில், வெண்ணெய்ப் பசு முதன்முதலில் வைக்கப்பட்ட அதே 1911ஆம் ஆண்டில், குழந்தைகளுக்கும் இவ்வாறு ஒரு போட்டி நடந்தது. 'மேலான குழந்தைகள்' போட்டி என்று அதற்குப் பெயர்.

அதைத் தொடங்கியவர்கள் பெண்கள். மேரி வாட்ஸ் என்பவர் தாய்மார் சங்கத்தில் முன்னின்று உழைத்தவர். மாட்டையும் குதிரையையும் பன்றியையும் இவ்வளவு கவனமாக வளர்த்துப் பரிசு கொடுக்கின்ற நாம், குழந்தையை ஏன் கவனிப்பதில்லை என்பது அவர் கேட்ட கேள்வி. மார்கரட் கிளார்க் என்ற பெண் வைத்தியருடன் சேர்ந்து, கால்நடைக்குப் புள்ளியிடும் தாளைப் போலவே குழந்தைக்கும் ஒரு புள்ளித்தாள் தயாரித்தார்கள். உயரம், நிறை, தலைச் சுற்றளவு, பல், கண், காது, சுபாவம் எல்லாவற்றுக்கும் புள்ளி. 1913இல் பிரபலமான ஒரு பெண்கள் சஞ்சிகையே இதைக் கையிலெடுத்தது. பெரும்பாலான மாநிலங்களுக்கு இந்தப் போட்டி பரவியது.

இதைக் கேட்டவுடன் சீ என்று சொல்லிவிடக்கூடாது, வாசகிகளே. அந்தக் காலத்து அமெரிக்காவில் பிறக்கின்ற ஆயிரம் குழந்தைகளில் ஏறக்குறைய நூறு குழந்தைகள் ஒரு வயதாகு முன்னரே இறந்தன. கண்காட்சிக்குக் கன்றைக் கொண்டுவந்தால் இலவசமாகப் பார்த்துச் சொல்ல அரசாங்க நிபுணர் இருந்தார். குழந்தைக்கு யாரும் இல்லை. ஆகவே போட்டி என்ற பெயரில் வந்த தாய்மார் பலர் முதன்முறையாக ஒரு வைத்தியரிடம் தங்கள் பிள்ளையைக் காட்டினார்கள். பாலைக் காய்ச்சிக் கொடுப்பது, சுத்தம் பேணுவது என்று பலவற்றை அறிந்து வீடு திரும்பினார்கள். அது பெரிய காரியம்தான்.

ஆனால் பரிசு என்று ஒன்று வந்துவிட்டால், அது எதற்காக வந்தது என்பது மறந்து போகின்றது. சார்ள்ஸ் டவன்போர்ட் என்ற விஞ்ஞானி, மனித இனத்தைத் தெரிவு செய்து 'திருத்த' வேண்டும் என்ற கொள்கையுடையவர். குழந்தையைப் பரிசோதிக்கு முன்னரே பாதிப் புள்ளியைப் பரம்பரைக்கு ஒதுக்கிவிட வேண்டும் என்று அவர் மேரி வாட்ஸுக்கு எழுதினார். அதன் பலன் சில வருடங்களில் தெரிந்தது. 1920இல் கன்சாஸ் மாநிலத்தின் டொபேகா நகரில் நடந்த கண்காட்சியில் 'தகுதியான குடும்பங்கள்' போட்டி ஆரம்பமாகியது. நடத்தியவர்களில் மேரி வாட்ஸும் ஒருவர். இப்போது குழந்தை மட்டுமல்ல, முழுக் குடும்பமும் போட்டியில். சிறிய குடும்பம், நடுத்தரக் குடும்பம், பெரிய குடும்பம் என்று பிரிவுகள். அம்மாவின் அம்மாவுக்கு என்ன நோய், அப்பாவின் சகோதரன் ஏன் இறந்தான், குடும்பத்தில் யாருக்காவது புத்தி மட்டமா என்ற விசாரணைகள். போதிய புள்ளி எடுத்த குடும்பத்துக்கு வெண்கலப் பதக்கம். பிள்ளைகளோடு ஒரு நாள் பொழுதைக் கழிக்க வந்த குடும்பம், மாட்டுக் கொட்டிலைப் பார்த்துவிட்டுத் தன்னையும் அளவிட வரிசையில் நின்றது.

இதில் யார் கலந்துகொண்டார்கள் என்பதைவிட யார் கலந்துகொள்ளவில்லை என்பதுதான் முக்கியம். இந்தியானா மாநிலக் கண்காட்சியில் 1920 முதல் 1932 வரை நடந்த குழந்தைப் போட்டியில் கறுப்பினக் குழந்தைகளுக்கு இடமில்லை. எங்கும் பதக்கம் பெற்றவர்கள் பெரும்பாலும் வசதியோடு வாழ்ந்த வெள்ளையினக் குடும்பத்தினர்.

பதக்கம் ஒரு பக்கம் என்றால் மறுபக்கம் சட்டம். 'தகுதியற்றோர்' எனக் கருதப்பட்டவர்களுக்குப் பிள்ளை பிறக்காமல் கட்டாய அறுவைச் சிகிச்சை செய்யும் சட்டத்தை உலகில் முதன்முதலாக 1907இல் இந்தியானா மாநிலம் கொண்டுவந்தது. அயோவா கொண்டுவந்ததும் 1911இல்தான். வெண்ணெய்ப் பசு, குழந்தைப் போட்டி, இந்தச் சட்டம், மூன்றும் ஒரே வருடம். அமெரிக்கா முழுவதிலும் 60,000க்கும் மேற்பட்டோர் இவ்வாறு அறுவைக்கு உட்படுத்தப்பட்டனர். ஏழைகள், அங்கவீனர், பராமரிப்பு இல்லங்களில் இருந்தவர்கள், பிற்காலத்தில் கறுப்பினப் பெண்கள். ஜேர்மனியில் நாஜிகள் 1933இல் கொண்டுவந்த சட்டத்துக்கும் இவை முன்மாதிரியாக இருந்தன.

இந்த வரலாற்றில் என்னை விட்டு அகலாத பெயர் கேரி பக். வர்ஜீனியா மாநிலத்தவர். வளர்ப்புக் குடும்பத்தின் உறவினன் ஒருவனின் பலாத்காரத்தால் பதினேழு வயதில் தாயானவர். குற்றம் செய்தவனை விட்டுவிட்டு, புத்தி மந்தமானவள் என்று அவரையே ஓர் இல்லத்தில் அடைத்தார்கள். அவர் மட்டுமல்ல, அவருடைய தாயும், பிறந்த குழந்தையும்கூடப் புத்தி மந்தமானவர்களே என்று நிறுவுவதற்காக 1924இல் வழக்கு நடந்தது. குழந்தை விவியனுக்கு அப்போது எட்டு மாதமளவில். அந்தக் குழந்தையைப் பற்றிச் சாட்சி சொன்னவர் ஒரு சமூகப் பணியாளர். பார்வையில் ஏதோ வழமைக்கு மாறாக இருக்கின்றது, அது என்னவென்று தனக்குச் சொல்லத் தெரியவில்லை என்ற கருத்தில் அவர் சொன்னார். அவ்வளவுதான். 1927இல் உச்ச நீதிமன்றம் அறுவைக்கு அனுமதி வழங்கியது. கேரிக்கு வேறு பிள்ளை இல்லாமல் போயிற்று. விவியன் பாடசாலைக்குப் போய், 1931இல் நன்றாகப் படிக்கும் பிள்ளைகளின் பட்டியலிலும் இடம்பெற்றாள். மறு வருடம் எட்டு வயதில் நோயினால் இறந்துபோனாள்.

நானும் அந்தத் தொழிலைச் செய்பவள். வீடு வீடாகப் போய்ப் படிவம் நிரப்புகின்றோம். 'குடும்பத்தின் நிலை', 'தாயின் கவனிப்பு' என்று கட்டங்கள் இருக்கும். ஒரு முறை பார்த்துவிட்டு எழுதுகின்ற ஒரு சொல் அந்தப் பிள்ளையின் கோப்போடு எத்தனை வருடம் போகும் என்று சொல்லமுடியாது. புதிதாக வேலைக்கு வருகின்ற தங்கைமாருக்கு நான் விவியனின் கதையைச் சொல்வதுண்டு. கண்டதை எழுதுங்கள், தோன்றியதை எழுதவேண்டாம் என்பேன்.

இனி நம்மூருக்கு வருவோம். 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கியதிலிருந்து மருத்துவமாது வீட்டுக்கு வருவதும், குழந்தைக்கு நிறை பார்ப்பதும் நமக்குப் பழகிவிட்டது. மலேரியா கொடூரமாகப் பரவிய 1935இல் இலங்கையில் ஆயிரத்துக்கு 263 குழந்தைகள் ஒரு வயதுக்குள் இறந்தன. இன்று அது பத்துக்கும் குறைவு. நிறை பார்ப்பதை யாரும் குறை சொல்லமுடியாது. ஆனால் நிறை பார்க்கும் இடத்தைச் சில வேளைகளில் நாமே போட்டி மேடையாக்கிவிடுகின்றோம்.

நான் வேலை செய்கின்ற பகுதியில் ஒரு கிராமம். பொது மண்டபத்தில் மாதமொருமுறை நிறை பார்ப்பார்கள். வளையில் தராசு தொங்கும், சுற்றிவரத் தாய்மார். எழுதுபவருக்குக் கேட்க வேண்டுமென்று ஒவ்வொரு பிள்ளையின் நிறையையும் சத்தமாகச் சொல்வார்கள். உடனே ஒரு மாமி, "என்ன, சாப்பாடு குடுக்கிறேல்லையே?" என்பார். இன்னொருவர், "தாயைப் பாரன், பிறகெப்படிப் பிள்ளை?" என்பார். போதாததற்கு அவ்வருடம் முன்பள்ளி விழாவில் ஒரு கடைக்காரரின் அன்பளிப்போடு கொழுகொழு குழந்தைப் போட்டியும் நடந்தது. இது 2022. பால்மாவுக்கு வரிசை, திரிபோஷா தட்டுப்பாடு, கூலி வேலையும் இல்லாத காலம்.

ஓர் இளந்தாய் மூன்று மாதமாக நிறை பார்க்க வரவில்லை. வீட்டுக்குப் போனேன். கோபமாகத்தான் பேசினாள். "கொழுத்த பிள்ளைக்கு வாளி குடுத்தவை. என்ர பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து எல்லாருக்கும் முன்னால தொங்கவிட்டு வெட்கப்படச் சொல்லுறியளே, அக்கா?" பதினான்கு மாதப் பெண் குழந்தை. கை கால்கள் மெலிந்திருந்தன. இந்த மூன்று மாதத்தில்தான் யாராவது பார்த்திருக்க வேண்டும்.

மருத்துவமாதுவிடம் பேசினேன். நல்ல மனுசி. அவருக்கும் ஒரு நாளில் நாற்பது பிள்ளைகள். சத்தமாகச் சொன்னால் வேலை சீக்கிரம் முடியும், அதுதான் காரணம். மண்டபத்தின் பக்கத்து அறையில் பழைய சாமான்கள் கிடந்தன. மாதர் சங்கத்துப் பெண்கள் அவற்றை ஒதுக்கித் தராசை உள்ளே கட்டினார்கள். ஒரு நேரத்தில் ஒரு தாய். நிறையை வாயால் சொல்லாமல் தாய்க்கே காட்டுவது. வளர்ச்சி அட்டையில் புள்ளியைத் தாயே வைக்கலாம். அரை மணித்தியாலம் கூடப் பிடிக்கின்றது என்று முதல் மாதம் முறைப்பாடு வந்தது. கொழுகொழு போட்டி வேண்டாம் என்று முன்பள்ளியோடு பேசியது அவ்வளவு இலகுவாக முடியவில்லை. அடுத்த வருடம் அதைச் சிறுவர் பாட்டுப் போட்டியாக மாற்றினார்கள், கடைக்காரருக்குச் சற்று மனவருத்தம்.

அந்தத் தாய் அடுத்த மாதம் வந்தாள், கடைசி ஆளாக, மற்றவர்கள் போன பின்பு. அட்டையை ஷொப்பிங் பையால் சுற்றி வைத்திருந்தாள். மருத்துவமாது பேனையைக் கொடுக்க, கை நடுங்கப் புள்ளி வைத்தாள். கோடு படுத்திருந்தது. வைத்தியரிடம் காட்டக் கடிதம் எழுதப்பட்டது. நான்கு மாதத்துக்குப் பின் கோடு கொஞ்சம் நிமிர்ந்தது. அன்று அவள் கேட்டாள், "பக்கத்து வீட்டுப் பிள்ளையின்ர கோட்டுக்கு இது மேலயோ கீழயோ, அம்மா?"

"அந்தப் பிள்ளையின்ர கோடு இந்த அட்டையில இல்லையே" என்றபடி மருத்துவமாது அடுத்த மாதத் திகதியை எழுதிக்கொண்டிருந்தார்.